கற்ற பொறியும் கட்டுப்பாட்டின் பொறுப்பும்: ஒரு விமர்சன நோக்கு

2022 ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையொன்று அணுக்கரு இணைவு முயற்சியில் ஒரு திருப்பமாகப் போற்றப்பட்டது. சூடான பிளாஸ்மாவைச் சுவரிற் படாது காந்தப் புலத்தால் வளைய வடிவில் தாங்கும் பொறி டோக்காமாக் எனப்படும். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள ரி.சி.வி. என்னும் டோக்காமாக்கில், டீப்மைண்ட் நிறுவனத்தினரும் அங்குள்ள பிளாஸ்மா ஆய்வாளரும் கூடி நடத்திய பரிசோதனையே அக்கட்டுரையின் பொருள். இயந்திரம் தானே கட்டுப்பாட்டை வடிவமைத்துவிட்டது என அதனைக்கொண்டு முடிபு செய்தல் பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

சாதனையை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். வழமையாகப் பிளாஸ்மாவின் இருப்பிடம், மின்னோட்டம், வடிவம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வகுக்கப்படும். இவ்வாய்விலோ நரம்பு வலையமைப்பு எனப்படும் ஒரே கணினிச் செய்நிரல், 19 காந்தச் சுருள்களுக்கும் செக்கனுக்கு 10,000 தடவை ஆணையிட்டது. ஒரே கலத்தில் இரு பிளாஸ்மாத் துளிகளை ஒருங்கே நிறுத்தவும் அதனால் இயன்றது.

ஆயினும், ஒரு நூலை ஆராய்வோர் அதன் ஆசிரியர் யார் என வினவுவது போல, இக்கட்டுப்பாட்டின் ஆசிரியர் யார் எனவும் வினவுதல் தகும். வலையமைப்பு பயின்றது கணினியில் அமைத்த மாதிரியுருவிலேயாகும். எது நன்று என அதற்கு உணர்த்தியது வெகுமதிச் சார்பு. அதனை எழுதியோர் மனிதர். மாதிரியுருவை நம்பவியலாத நிலைகளைத் தவிர்க்குமாறு பயிற்சிக்கு எல்லை வகுத்தோரும் அவர்களே. தேவைகளை வரையறுத்தல் எனத் தொகுதிப் பொறியியல் கூறும் முதற்பணி, இங்கு வெகுமதிச் சார்பினுள்ளே புகுந்துகொண்டது எனலாம்.

சரிபார்த்தலோ மேலும் சிக்கலானது. எத்தேவையை எவ்வுறுப்பு நிறைவேற்றுகின்றது, அது எவ்வாறு சோதிக்கப்பட்டது என ஒவ்வொன்றாகக் காட்டுமாறு தொகுதிப் பொறியியல் கோரும். வலையமைப்பை அவ்வாறு பகுத்துக் காட்டல் அரிது. சில செக்கன்களே நீடிக்கும் ரி.சி.வி. பரிசோதனை தவறின் மீண்டும் முயலலாம். பிரான்ஸின் கடராஷில் அமைக்கப்பட்டுவரும் ஐற்றர் உலைக்கோ 15 மில்லியன் அம்பியர் பிளாஸ்மா மின்னோட்டம் திட்டமிடப்பட்டுள்ளது. அது திடீரெனக் குலையின் எழும் வெப்பமும் விசையும் கலத்தையே சேதப்படுத்தவல்லன. இதனாலேயே இயக்கக் கட்டுப்பாடு, பொறியைக் காக்கும் இடைப்பூட்டு, மனிதரையும் சூழலையும் காக்கும் பாதுகாப்பு என மூன்று தொகுதிகள் அங்கு பிரித்து வகுக்கப்பட்டுள்ளன.

கற்ற பொறிக்கு இவற்றுள் முதலாவதில் இடமளிக்கலாம். ஏனைய இரண்டிலும், ஏன் இவ்வாறு நிகழ்ந்தது என்ற வினாவுக்கு விடைகூற வல்ல அமைப்பே இருத்தல் வேண்டும். வெகுமதிச் சார்பை எழுதியோரை மறந்து இயந்திரத்தையே ஆசிரியராகப் புகழ்வோமாயின், அது தவறும் நாளிற் பொறுப்பேற்பாரும் இல்லாதொழிவர்.