அளவுகோலாய் நின்ற மனிதர்

அயல்நாடு செல்வோர் அங்குள்ள புகழ்பெற்ற சின்னங்களைப் படம்பிடித்து வருதல் இன்று யாவர்க்கும் இயல்பாகிவிட்டது. இவ்வழக்கத்தின் மூத்த சான்றுகளுள் ஒன்று, பிரெஞ்சுக்காரராகிய மக்சிம் டு காம் என்பார் 1852-ல் பாரிஸில் வெளியிட்ட எகிப்து, நூபியா, பாலஸ்தீனம், சிரியா பற்றிய நிழற்படத் தொகுதியாகும். 125 படங்கள் அடங்கிய அத்தொகுதியை நிழற்படக் கலையின் வரலாறு எழுதுவோர் பெரிதும் போற்றுவர். அதில் போற்றத்தக்கது யாது, கடியத்தக்கது யாது என்பதை நடுநிலையோடு ஆராய்வதே நம் நோக்கம்.

முதற்கண் நூலின் பயனைக் கூறுவோம். நாவலாசிரியர் குஸ்தாவ் ஃபுளோபேருடன் 1849-ல் புறப்பட்ட டு காம், தம் நாட்டுக் கல்வி அமைச்சின் பணியை மேற்கொண்டு எகிப்து சென்றார். அதற்கு முற்பட்ட பயணிகள், கண்டவற்றைப் பெரும்பாலும் கையால் வரைந்தே கொணர்ந்தனர். வரைவோன் விருப்பத்திற்கேற்பத் தூண் நீளும். உடைந்த சிலையும் முழுமை பெறும். டு காமின் கருவியோ கல்லின் வெடிப்பையும் சிதைவையும் உள்ளவாறே பதிந்தது. அபு சிம்பலில் மணலுள் புதைந்து கிடந்த இராம்சேஸ் மன்னனின் பெருஞ்சிலையை அவர் 1850-ல் படமெடுத்தார். பின்னாளில், அஸ்வான் பேரணையின் நீர்த்தேக்கத்துள் மூழ்காதிருத்தற்பொருட்டு, 1964 முதல் 1968 வரை அக்கோயில் துண்டு துண்டாக அறுக்கப்பெற்று, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் நிறுவப்பெற்றது. கோயில் தன் பழைய இடத்தில் நின்ற கோலத்தை இன்று காட்டவல்லவை இத்தகைய படங்களே. இப்பயனை யார் மறுக்க வல்லார்?

இனிக் குறைக்கு வருவோம். அப்படங்கள் பலவற்றில் சிலையின் மீதோ இடிபாட்டின் நடுவிலோ ஒரு சிறு உருவம் காணப்படும். அவர் ஹாஜி இஸ்மாயில் என்னும் நூபிய மாலுமி. டு காமின் படகில் பணிபுரிந்தவர். கட்டடத்தின் அளவு விளங்குதற்பொருட்டே அவரை அங்கு நிறுத்தினர். அந்நாளில் படம் பதிய நேரம் செல்லும். அசைந்தால் உருவம் மங்கிவிடும். ஆதலின், கருவியிற் பொருத்திய பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் அது குண்டுமாரி பொழியும் என்றும் டு காம் அவரிடம் சொல்லிவைத்தார். அச்சத்தால் அவர் கல்லென நின்றார். இச்சூழ்ச்சியை டு காமே தம் நூலொன்றில் வேடிக்கையாக எழுதிவைத்துள்ளார்.

அளவு காட்ட ஏதேனும் வேண்டாவோ என்பர் சிலர். வேண்டும். மனிதரை நிறுத்தியதைக் குற்றமென்று நாம் கூறவில்லை. அவரை அச்சுறுத்தி நிறுத்தியதும், அதனைச் சொல்லிச் சிரித்ததுமே குற்றம். படங்களின் தலைப்பில் ஊரும் கோயிலும் சிலையும் இடம்பெற்றன. உயிரோடு நின்றவர்க்கு அங்கு இடமில்லை. புதுக் கருவியின் இயல்பை அறியாதிருத்தல் இழிவன்று. அறிந்தவர் அதனை விளக்காமல், அறியாமையையே கயிறாக்கி ஒருவரைக் கட்டுதல் இழிவு. நைல் ஆற்றில் அவ்வாசிரியரைக் கொண்டுசென்ற உழைப்பில் இஸ்மாயிலின் உழைப்பும் ஒன்றன்றோ?

இது பழங்கதை என்று நேயர்கள் தள்ளிவிடுதல் கூடாது. இன்று கைப்பேசி ஏந்திய பயணி, அளவுகோலுக்குப் பிறரைத் தேடுவதில்லை. தாமே சின்னத்தின் முன் நின்றுகொள்கிறார். ஆனால் ஒட்டகம் நடத்துவோரையும் தெருவில் பொருள் விற்போரையும், படத்திற்கு அழகு என்று தோன்றினால் கேளாமலே பிடிக்கிறார். இடையூறென்று தோன்றினால் விலகி நிற்கச் சொல்கிறார். பீரங்கிப் பொய் ஒழிந்தது. மனிதரைக் கல்லினும் கீழாக எண்ணும் மனம் ஒழிந்ததா?

படம் எடுத்தல் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. இசைவு கேட்டு எடுக்க வேண்டும். படத்தில் நிற்பவரின் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். டு காமின் தொகுதியையும் நேயர்கள் வாய்ப்பு நேர்ந்தால் கண்டு மகிழ்க. காணுங்கால், மன்னனின் முகத்தை நோக்குமுன் அம்மாலுமியின் உருவத்தைத் தேடிப் பார்க்க வேண்டுகிறோம்.