மூளையை ரசித்துப் படிப்பது எப்படி?

மூளை உடற்கூறு என்றாலே இளநிலை மாணவர்கள் பலருக்கு வயிற்றைக் கலக்கும். மடிப்புக்கு ஒரு பெயர், பள்ளத்துக்கு ஒரு பெயர், நரம்புக்கு ஓர் எண் என்று தேர்வுக்கு முந்தைய இரவு நெட்டுரு போடுகிறார்கள். அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். இவ்வளவு அழகான பாடம் இப்படிக் கசந்துபோவதற்கு, கற்பிக்கும் வரிசை தலைகீழாக இருப்பதே காரணம். முதலில் மூளை செய்யும் வேலை, அடுத்து அந்த வேலை நடக்கும் இடம், பெயர் கடைசியில். இந்த வரிசையில் படிக்க பினாங்கின் ஜார்ஜ்டவுன் நல்ல ஊர். ஆசிரியர், மாணவர் மட்டுமல்ல, மருத்துவம் படிக்காதவர்களும் கீழே உள்ளவற்றைச் செய்து பார்க்கலாம்.

புத்தகத்துக்கு முன் ஆட்டு மூளை

சௌரஸ்தா மார்க்கெட்டிலோ வீட்டுப் பக்கத்திலோ பழகிய ஆட்டிறைச்சிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, உடையாத முழு மூளை ஒன்று வாங்குங்கள். மேலே படிந்திருக்கும் மெல்லிய சவ்வை விரலால் மெதுவாக உரியுங்கள். இரத்தக் குழாய்களும் கூடவே வரும். உப்பும் மஞ்சளும் போட்டு லேசாக வேகவைத்தால் இறுகி, கத்திக்கு நிற்கும். நடுவில் இரண்டாகப் பிளந்து, பின்பக்கம் உள்ள சிறுமூளையைப் பாருங்கள். உள்ளே வெளிர்நிறத்தில் ஒரு மரம் கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். நரம்பிழைகள் கூட்டமாகப் போய்வரும் பாதை அது. பழைய உடற்கூற்று அறிஞர்கள் அதற்கு ‘உயிர் மரம்’ என்றே பெயர் வைத்தார்கள்.

இனி மனித மூளையின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள். கடைக்காரர் எடுக்கும்போது அறுபடாமல் இருந்தால், ஆட்டு மூளையின் முன்னால் இரண்டு மோப்பக் குமிழ்கள் பெரிதாகத் தெரியும். நமக்கு அவை மிகச் சிறியவை. ஆட்டின் சிறுமூளை பெருமூளைக்குப் பின்னால் இருக்கிறது. நமக்கு அதன் அடியில். ஏன் இந்த வித்தியாசம் என்று மாணவர்களைக் கேளுங்கள். ஆடு எதை நம்பி வாழ்கிறது, மனிதன் எப்படி நிமிர்ந்து நிற்கிறான் என்று பேச்சு தானே விரியும்.

லிட்டில் இந்தியாவில் ஒரு புலன்

லெபோ பாசாரில் ஒரு பூக்கடை முன் நில்லுங்கள். கண்ணில் படுவது, காதில் விழுவது, கையில் தட்டுப்படுவது எல்லாம் பெருமூளையின் மேலுறையான புறணிக்குப் போகும் வழியில், மூளை நடுவிலுள்ள தலாமஸைக் கடந்தே ஆக வேண்டும். மல்லிகை வாசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மோப்பக் குமிழிலிருந்து அது நேராகப் பொட்டு மடலின் உட்பக்கம் போய்ச் சேர்கிறது. உணர்ச்சிக்குரிய அமிக்டலா அங்கே இருக்கிறது; நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் அதை ஒட்டியே இருக்கிறது. ஒரு வாசனை வந்ததும் பாட்டி வீடு சட்டென்று நினைவுக்கு வருவதற்கு இந்த நெருக்கத்தைத்தான் ஆய்வாளர்கள் பலர் காரணமாகச் சொல்கிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு புலன் போதும். அதன் வழியை முதலில் தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். பிறகு மூளை அட்லஸைத் திறந்து சரிபாருங்கள்.

உங்கள் தோலே சோதனைக்கூடம்

இரண்டு பல்குச்சிகளை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் பிடித்து நண்பரின் விரல்நுனியில் தொடுங்கள், இரண்டு என்பார். முதுகில் மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலும் ஒன்று என்றே சொல்லக்கூடும். மாண்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில் வரைந்த மூளை வரைபடம் இதற்கு விளக்கம் தருகிறது: புறணியில் விரலுக்கும் உதட்டுக்கும் தாராளமாக இடம், முதுகுக்குக் கொஞ்சம்தான்.

அந்த வரைபடத்தில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்கள் சிலரின் கன்னத்தை 1990களில் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். இல்லாத விரல்களையும் தொடுவதாக அவர்கள் சொன்னார்கள். கைக்குரிய பகுதிக்கு வேலையில்லாமல் போனதும், பக்கத்திலிருந்த முகத்தின் உணர்வுகள் அங்கே நுழைந்துவிட்டன என்பது அவர் தந்த விளக்கம். இதைக் கேட்ட மாணவர் அந்த வரைபடத்தை மறக்க மாட்டார்.

பழுது எங்கே?

1861இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோகா பார்த்த நோயாளிக்கு ‘டான்’ என்ற ஓசையைத் தவிர வேறு பேச்சு பெரும்பாலும் வரவில்லை. அவர் இறந்தபின் இடது நெற்றி மடலில் பழுது தெரிந்தது. வகுப்பையும் இப்படியே நடத்தலாம். நோயாளிக்கு வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. எந்தப் பக்கம்? இயக்க நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்தில் பக்கம் மாறுவதால் இடது பெருமூளை. இன்னொருவர் வலது விரலால் மூக்கைத் தொடப் போனால் கை தடுமாறிக் குறி தவறுகிறது. இப்போது? வலது சிறுமூளை! பெருமூளை எதிர்ப்பக்கத்தை ஆள்கிறது, சிறுமூளை தன் பக்கத்தையே ஆள்கிறது. சிறுமூளையின் பாதை இரண்டு முறை பக்கம் மாறுவதால் தொடங்கிய பக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. இதை வாதாடிக் கண்டுபிடித்த மாணவருக்கு ‘முகுளம்’ வெறும் பெயராக இருக்காது.

வனையுங்கள், வணங்குங்கள்

நீச்சல் தொப்பியை நண்பரின் தலையில் மாட்டி பெருமூளையின் நான்கு மடல்களையும் நான்கு நிறத்தில் வரையுங்கள். மூளைக்குள் நீர் நிறைந்த நான்கு அறைகளைக் களிமண்ணில் பிடியுங்கள். படத்தில் பிடிபடாத வடிவம் கைக்குப் பிடிபடும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை அருங்காட்சியகத்தில், கையுறை போட்டுக்கொண்டு உண்மையான மனித மூளையையே ஏந்திப் பார்க்கலாம்.

அது ஒருவருடைய மூளை. அவர் குடும்பம் மனமுவந்து தந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012இல் தொடங்கிய ‘மௌன ஆசான்’ திட்டத்தில், உடல்தானம் செய்தவரின் வாழ்க்கையை அவர் குடும்பத்தாரிடம் கேட்டறிந்த பிறகே மாணவர்கள் அந்த உடலில் கற்கிறார்கள். இந்த மரியாதை மூளைப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே தொடங்க வேண்டும்.

இந்த வாரம் ஒரு நரம்புப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அதை வீட்டில் ஒருவருக்கு, புத்தகம் இல்லாமல், உங்கள் பேச்சுத் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ, அடுத்துப் படிக்க வேண்டியது அதுதான்.