மேகம் மேய்த்த மாணவர்களும் விளாத்திகுளத்து மழையும்

2005-ல் வந்த ‘க்ளவுட்’ என்கிற கணினி விளையாட்டைப் பற்றி ஒரு குறிப்பு எழுதணும்னு ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கதை சின்னது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற ஒரு பையன் தூக்கத்தில் பறக்கிறான். கடலுக்கும் தீவுகளுக்கும் மேலே மேகங்களைச் சேர்த்துக்கொண்டு போகிறான். முதலில் பறக்கப் பழகணும், அப்புறம் மேகத்தால் உருவம் போடணும், கறுத்த மேகத்தை வெள்ளை மேகத்தால் கரைக்கணும், கடைசிக் கட்டத்தில் தீவுகளில் மழை பெய்விக்கணும். சுடுவதோ சாவதோ எதுவும் கிடையாது.

செய்தவர்கள் அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள். பல்கலைக்கழகம் கொடுத்த பணம் 20,000 டாலர். வடிவமைப்பை முன்னின்று நடத்திய ஜெனோவா சென், சின்ன வயதில் ஆஸ்துமாவால் அடிக்கடி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அந்தக் கட்டில் அங்கிருந்து வந்ததுதான். கெல்லி சாண்டியாகோ தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார், வின்சென்ட் டியமான்டே இசை. வழிகாட்டிய ஆசிரியர் ட்ரேசி ஃபுல்லர்டன். பரபரப்பு ஊட்டாத ஒரு விளையாட்டை ஜனங்க விரும்புவாங்களா என்று பார்ப்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சிக் கேள்வியே. விரும்பினாங்க. லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார்கள். சென்னும் சாண்டியாகோவும் 2006-ல் தனி நிறுவனம் தொடங்க, அங்கிருந்து 2012-ல் ‘ஜர்னி’ வந்தது.

அதே 2005-ல் டிஜிபென் மாணவர்கள் செய்த ‘நார்பாகுலர் ட்ராப்’ இன்னொரு மாதிரி. அதன் பலம் ஒரு தந்திரம்: இங்கே ஒரு வாசல், அங்கே ஒரு வாசல், நடுவில் தூரமே இல்லை. வால்வ் நிறுவனம் அந்தக் குழுவை வேலைக்கு எடுத்து, 2007-ல் அது ‘போர்ட்டல்’ ஆனது. தந்திரத்தைக் கையோடு தூக்கிக்கொண்டு போகலாம். ‘க்ளவுட்’டில் அப்படித் தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை, அதில் இருப்பது ஒரு மனநிலை. இசையை எடுத்துவிட்டால் பாதி விளையாட்டு போய்விடும். நிரல் எழுதுகிறவனும் படம் வரைகிறவனும் இசைக்காரனும் ஒரே மேஜையில் உட்காராமல் இப்படி ஒன்று வந்திருக்காது. நம்ம பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷ புராஜெக்ட் என்றால் ஒரே துறையில் நாலு பேர். ஒருத்தன் செய்வான், மூணு பேர் பெயர் போட்டுக்கொள்வார்கள். நானும் அந்த மூணு பேரில் ஒருத்தனாக இருந்தவன்தான், அதனால் பெரிதாகப் பேச உரிமையில்லை.

இவ்வளவு பிடித்தும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த மழை யாருக்காகப் பெய்கிறது? தீவில் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மழை பெய்தால் கட்டம் முடிந்தது, அவ்வளவுதான்.

விளாத்திகுளத்துக்காரன் இதை விளையாடினால் கை அங்கேதான் நிற்கும். இங்கே கரிசல் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மேகம் கூடினால் உளுந்தும் பாசியும் சோளமும் மிளகாயும் பிழைக்கும். அதே தாலுகாவில் கிழக்கே வேம்பார், வைப்பாறு பக்கம் போனால் உப்பளம். அங்கே பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கும்போது ஒரு மழை இறங்கினால் உப்பு கரைந்து போச்சு. சம்சாரி கேட்கிற மழை அளக்காரருக்கு நஷ்டம். சம்சாரிக்கே எல்லா மாதமும் ஒரே மழை ஆகாது: ஐப்பசியில் வாடா வாடா என்று கூப்பிட்ட மேகத்தை, மாசியில் களத்தில் வத்தல் காயும்போது போய்த்தொலை என்பார். 2021 ஜனவரியில் காலம் தப்பிப் பெய்த மழையில் அறுப்புக்கு நின்ற உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைத்து வீணானதைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் விளையாட்டுக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். கனவுதானே, ஆஸ்பத்திரிப் பையனுக்கு உப்பளம் எதற்கு? நியாயம்தான். ஆனால் நான் கேட்பது கதையில் இல்லை, விதியில். மழை எப்போதும் நல்லது என்று விதி இருக்கிறதால்தான் கடைசிக் கட்டம் முதல் கட்டத்தைவிட லேசாகத் தோன்றுகிறது. மேகத்தை எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கவே வேண்டாம். சினிமாவும் நிரலும் இசையும் கூடிய அந்த மேஜையில், மழையை நம்பிப் பிழைத்த ஒருத்தர் உட்காரவில்லை. 2014-ல் வந்த ‘நெவர் அலோன்’ அலாஸ்காவின் இன்யூப்பியாட் மக்களைச் செய்முறைக்குள்ளேயே கூட்டிக்கொண்டது. டொராண்டோவிலிருந்து 2023-ல் வந்த ‘வெண்பா’வில் இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே புதிர். வீட்டுச் சமையலறையில் நின்றவருக்குத்தான் அப்படி ஒரு விதி தோன்றும்.

அந்தத் தீவுகளில் ஒன்றில் மட்டும் பாத்தி கட்டி உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தீவில் விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று ஒரே பக்கம் அடிக்கிறது. இதைச் சேர்க்கப் புதுப் படம்கூடப் பெரிதாக வேண்டாம். ஊர்ப் பையன்கள் யாராவது செய்து பார்த்தால் சொல்லுங்கள், வந்து விளையாடுகிறேன்.

சென் பிறகு செய்த ‘ஃப்ளவர்’ பற்றித் தனியாக எழுதணும். அதில் நாம்தான் காற்று.