டாய்ன்பியும் மரக்காணத்து உப்பும்

சாம்ராஜ்யங்கள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன என்ற கேள்விக்கு விடை சொல்ல வந்த நூல்களில் ஆர்னால்ட் டாய்ன்பியின் சரித்திர ஆராய்ச்சி மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1934-ல் தொடங்கி 1961 வரை 12 பாகங்கள் வெளிவந்தன. அத்தனையையும் படித்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். சோமர்வெல் செய்து தந்த சுருக்கத்தைப் படித்தவர்களே அநேகம்.

டாய்ன்பியின் கட்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு சமூகத்துக்குச் சோதனை ஒன்று வருகிறது. படைப்புத் திறன் உள்ள ஒரு சிறு கூட்டம் அதற்கு விடை காண்கிறது. மற்ற ஜனங்கள் மனமுவந்து அதன் பின்னால் போகிறார்கள், நாகரிகம் வளர்கிறது. பிறகு அந்தச் சிறு கூட்டம் திறனை இழக்கிறது. ஆனால் ஆசனத்தை விடுவதில்லை. முன்பு மதிப்பினால் பெற்றதை இப்போது பலத்தினால் பெறப் பார்க்கிறது. ஜனங்களின் மனம் விலகிவிடுகிறது. வெளியிலிருந்து பகைவன் வருவது அதற்குப் பிறகுதான்.

அழகான சித்தாந்தம். ஆனால் மிக உயரத்திலிருந்து பார்த்துச் சொன்னது. அந்த உயரத்திலிருந்து நாகரிகங்கள் தெரிகின்றன, மனிதன் தெரிவதில்லை. நாவல் எழுதுகிறவனுக்கு இது ஒரு பெரிய குறை. ஆகவே இந்தச் சித்தாந்தத்தைக் கீழே இறக்கி, நமக்குத் தெரிந்த ஒரு மண்ணில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. நான் எடுத்துக்கொண்டது மரக்காணம்.

புதுச்சேரிக்கு வடக்கே, கடலுக்கும் கழுவேலி ஏரிக்கும் பக்கத்தில் இருக்கிறது மரக்காணம். சிறுபாணாற்றுப்படையில் வருகிற ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பூமீசுவரர் கோவிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. வடக்கே சிறிது தூரம் போனால் ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் எழுந்து, 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப்போட்ட கோட்டை அது. அரசுகள் எழுந்ததற்கும் விழுந்ததற்கும் இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு சாட்சி கிடைப்பது அபூர்வம்.

இத்தனைக்கும் நடுவில் மாறாமல் இருந்தது உப்பு. கழி நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் வற்றவிட்டு, பலகையால் வாரிக் கரையில் குவிக்கிற வேலை. மழை வந்தால் வேலை இல்லை. யார் ஆண்டாலும் வாருகிறவனுடைய கால் உப்புநீரில்தான் நின்றது. ஆனால் குவித்த உப்பு யாருக்குச் சொந்தம் என்பதை ஆளுகிறவன் தீர்மானித்தான்.

1805-ல் கும்பெனியார் சென்னை ராஜதானியில் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். 1815-ல் பிரெஞ்சுக்காரரோடு ஓர் ஒப்பந்தம் செய்து, பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பையும் தாங்களே வாங்கும் உரிமையை, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்துப் பெற்றார்கள். கோட்டையை இடித்தவர்கள் உப்பை இடிக்கவில்லை, விலை பேசினார்கள்! சாம்ராஜ்யத்தின் உண்மையான புத்திசாலித்தனம் பீரங்கியில் இல்லை, இந்தக் கணக்கில் இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்டுகொண்டிருந்தபோது, வடக்கிலும் தெற்கிலும் வரியைச் சமப்படுத்துகிறோம் என்று சொல்லி, சென்னையில் உப்பு வரியை மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக ஏற்றினார்கள்.

இங்கேதான் சித்தாந்தக்காரர்களுக்குச் சங்கடம் வருகிறது. டாய்ன்பியை விடுங்கள். 2012-ல் ‘தேசங்கள் ஏன் தோற்கின்றன’ என்ற நூலை எழுதிய அசெமோகுலுவும் ராபின்சனும் இன்னும் நேராகச் சொல்கிறார்கள்: பலரிடமிருந்து உறிஞ்சிச் சிலருக்குக் கொடுக்கும் அமைப்புகள் கொண்ட தேசம் தழைக்காது. உப்பு ஏகபோகத்தைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடைக்காது. தேசம் தழைக்கவில்லை என்பது சரிதான். ஆனால் சர்க்கார் விழவில்லையே! 1805 முதல் 1947 வரை, வெவ்வேறு உருவங்களில், 142 ஆண்டுகள் அந்த வரி நின்றது. பிரான்சிலும் ‘கபேல்’ என்ற உப்பு வரி பல நூற்றாண்டுகள் நின்றது. புரட்சி 1790-ல் ஒழித்ததை நெப்போலியன் 1806-ல் திரும்பக் கொண்டுவந்தான். கொடுமை செய்தால் அரசு கவிழும் என்று நாம் நம்ப ஆசைப்படுகிறோம். சரித்திரம் அந்த ஆறுதலை நமக்கு அவ்வளவு சுலபமாகத் தருவதில்லை.

ஏன் நின்றது? வரி விலைக்குள் ஒளிந்திருந்ததால் நின்றது என்பது என் அபிப்பிராயம். நிலவரி வாங்க மணியக்காரர் வாசலுக்கு வருவார், முகம் தெரியும். உப்பு வரிக்கு முகம் இல்லை. குழம்புக்குப் போடுகிற உப்பில் கூலிக்காரி வரி கட்டினாள். கட்டியதாக அவளுக்கே தெரியாது. உப்பு விலை என்றுதான் நினைத்திருப்பாள். பக்கத்தில் கடல் இருக்க, உப்பு ஏன் இந்த விலை என்று கேட்கத் தோன்றாதவரை சர்க்காருக்குப் பயமில்லை.

1930-ல் காந்திஜி செய்த காரியம் அதுதான். வரியை அவர் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார். ஏப்ரல் 6-ந் தேதி தண்டியில் ஒரு பிடி உப்பு எடுத்தார். அதே மாதம் 13-ந் தேதி ராஜாஜி சுமார் 100 தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். தொண்டர்களுக்குச் சோறு போடுகிறவர்களுக்குச் சிறை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டிவைத்தார்கள். கரையில் கிடக்கும் உப்பை அள்ளியது குற்றம், பசித்தவனுக்குச் சோறு போட்டது குற்றம் என்று ஒரு சட்டம் சொல்லவேண்டி வந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தின் பின்னால் எவ்வளவு போலீஸ் நின்றாலும் மரியாதை நிற்காது. ஜனங்களின் மனம் விலகுகிறது என்று டாய்ன்பி எழுதுவதன் அர்த்தம், அந்த மரத்தில் தொங்கிய பொட்டலத்தைப் பார்க்கும்போதுதான் எனக்கு விளங்குகிறது. அவர் சொன்னது தவறில்லை. ஆனால் மனம் தானாக விலகிவிடுவதுபோல் எழுதிவிட்டார். யாராவது ஒருவர் ஒளிந்திருந்ததை எடுத்துக் காட்டவேண்டியிருந்தது. ஆள்கிற சிறு கூட்டத்தின் திறன் வற்றிவிட்டது மட்டும் காரணமல்ல; ஆளப்பட்டவர்களிடையே அதைவிடப் பெரிய திறன் பிறந்ததும் காரணம்.

நம்முடைய சரித்திர நாவல்களும் இந்த விஷயத்தில் டாய்ன்பியைவிடக் கீழே இறங்கிவிடவில்லை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ கோடிக்கரையை எவ்வளவு அழகாகக் காட்டுகிறது! கலங்கரை விளக்கம், புதைசேறு, படகோட்டும் பூங்குழலி. அந்தக் கரை வேதாரண்யத்து உப்பு விளையும் கரை. கல்கியோ ராஜாஜியின் அணுக்கத் தொண்டர். இருந்தும் சோழ ராஜ்யத்தின் கதியை நாவலில் நகர்த்துகிறவை சதியும் பட்டத்துரிமையும் காதலும்தான். இதைக் கல்கியின் குறையாகச் சொல்லவில்லை. அவர் எழுத வந்தது வேறு. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கதைகளைப் படித்த வாசகர், அரசு என்றால் அரண்மனை என்றே நம்பும்படி ஆகிவிட்டது.

உப்பு வரி 1947 ஏப்ரலில் ஒழிந்தது. மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகிறது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது அளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மழைக்காலத்தில் வேலையற்ற உப்பளத் தொழிலாளருக்கு 5000 ரூபாய் நிவாரணம் தருகிற ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. பெரிய தொகை இல்லை என்று சிலர் சொல்லலாம். ஆனால் இந்தக் கரையில் உப்பு வாருகிறவன் கையிலிருந்து எடுக்கவே தெரிந்திருந்த சர்க்கார், அவன் கையில் வைக்கவும் கற்றுக்கொண்டது சின்ன விஷயமல்ல. குடியரசின் வெற்றி தோல்வியைக் கணக்கிடுகிறவர்கள் இந்த வரவையும் எழுதிக்கொள்ளவேண்டும். இன்று விலைக்குள் ஒளிந்திருக்கும் வரிகள் எவை என்பதையும் தேடவேண்டும்.

டாய்ன்பியை அவசியம் படியுங்கள், சுருக்கத்திலாவது. படிக்கும்போது பக்கத்தில் ஒரு பிடி உப்பு இருக்கட்டும்.