நிலக்கடலையில் பாசனமும் தழைச்சத்தும்: சத்தளவீட்டு முறை குறித்த ஒரு மதிப்பீடு

நிலக்கடலையின் சத்துகள்மீது பாசனமும் தழைச்சத்து உரமும் செலுத்தும் தாக்கத்தை ஆராயும் களஆய்வுகள் பலவும் ஒரே அமைப்பைப் பின்பற்றுகின்றன. பாசன அளவுகள் முதன்மைப் பாத்திகளிலும் உர அளவுகள் துணைப் பாத்திகளிலும் அமைக்கப்படுகின்றன. அறுவடைக்குப்பின் பருப்பின் தழைச்சத்து விழுக்காடு கணிக்கப்பட்டு, அதனை 5.46ஆல் பெருக்கிப் புரத அளவு பெறப்படுகிறது. உரம் மிகுந்த பாத்தியில் புரத விழுக்காடு உயர்ந்திருப்பின், அவ்வுயர்வு உரத்தின் பயனெனக் கொள்ளப்படுகிறது. இம்முடிவு மூன்று காரணங்களால் மறுபரிசீலனைக்குரியது.

முதலாவது, விழுக்காடும் மொத்த உறிஞ்சுதலும் ஒன்றல்ல. வறண்ட பாத்தியில் எக்டருக்கு 1000 கிலோ பருப்பும் 4.8 விழுக்காடு தழைச்சத்தும், நீர் பெற்ற பாத்தியில் 1500 கிலோ பருப்பும் 4.4 விழுக்காடும் கிடைத்தன எனக் கொள்வோம். விழுக்காட்டின்படி வறண்ட பாத்தியே சிறந்தது. ஆயினும் பருப்பு ஈர்த்த தழைச்சத்து முறையே 48, 66 கிலோவாகும். விளைச்சல் பெருகும்போது செறிவு நீர்த்துப்போவதைச் சத்துக்குறைவு எனக் கருதுவது பிழை.

இரண்டாவது, நிலக்கடலை தன் வேர்முடிச்சுகளிலுள்ள பாக்டீரியாக்களின் துணையால் காற்றின் தழைச்சத்தை நிலைப்படுத்தும் பயிர். மண்ணில் நைட்ரேட் மிகுந்தால் முடிச்சுகள் குறையும். மண் வறண்டால் அவற்றின் செயல்பாடு தளரும். எனவே முடிச்சுகளை எண்ணாத ஆய்வு, பருப்பிலுள்ள தழைச்சத்தில் உரம் தந்தது எவ்வளவு, காற்று தந்தது எவ்வளவு என்பதைப் பிரித்தறிய இயலாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை மானாவாரிக்கு எக்டருக்கு 10 கிலோ, பாசனப் பயிருக்கு 25 கிலோ என அமைந்திருப்பதும், உரத்தேவை நீரோடு பிணைந்தது என்பதையே உணர்த்துகிறது.

மூன்றாவது, சுண்ணாம்புச்சத்து பல ஆய்வுகளில் இடம்பெறுவதில்லை. இலையை அடைந்த சுண்ணாம்புச்சத்து மண்ணுக்குள் வளரும் காய்க்குத் திரும்பிச் செல்வது மிகக் குறைவு. விழுதும் இளங்காயும் அதனைச் சுற்றியுள்ள ஈரமண்ணிலிருந்தே நேரடியாக உறிஞ்சுகின்றன. 40-45ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கும் வழக்கத்தின் அடிப்படையும் இதுவே. காய்ப்பகுதி மண் காய்ந்திருந்தால் இட்ட ஜிப்சத்தின் பயன் குன்றிப் பொக்குக்காய்கள் பெருகும். எவ்வளவு யூரியா இடினும் அக்குறை தீராது.

ஆகவே விழுக்காட்டுடன் மொத்த உறிஞ்சுதல், முடிச்சு எண்ணிக்கை, காய்ப்பகுதி ஈரம் ஆகியவற்றையும் அளந்த பின்னரே உரப் பரிந்துரை வழங்கப்பட வேண்டும். அவ்வாறன்றி விழுக்காட்டை மட்டும் நம்பி உர அளவைக் கூட்டினால், பயிர் தானே ஈட்டவல்ல சத்துக்கு உழவர் விலை கொடுக்க நேரும்.