பாதையின் உரிமையும் பலகையின் ஆரவாரமும்

பாதையோரத்தில் அமர நேர்ந்தால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களைப் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துதல், தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியன அவ்வுரிமைகள் என்பது அபூ ஸயீத் அல் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி. பாதைக்கும் ஒரு 'ஹக்கு' உண்டென்பதே இதன் சாரம். நகரப் பொதுவிடங்களில் விளம்பரப் பலகைகளைத் தடை செய்யலாமா என்னும் வினாவை நாம் இவ்வளவுகோல் கொண்டே ஆராய்வோம்.

விளம்புதல் என்னும் சொல்லுக்குச் சொல்லுதல் என்பதோடு உணவு பரிமாறுதல் என்றும் பொருளுண்டு. பந்தியில் அமர்ந்தவனுக்கே பரிமாறுவர். பத்திரிகையை விலைகொடுத்து வாங்குபவன் பந்தியில் அமர்ந்தவன். வேண்டாததை ஒதுக்கிப் பக்கத்தைப் புரட்டிவிடுவான். தெருவில் நடப்பவனோ பந்திக்கு வந்தவனல்லன். பார்வையைத் தாழ்த்திச் செல்வோனையும் நிமிர்ந்து நோக்கச் செய்வதே பலகையின் தொழில்.

தொல்லை கண்ணோடு நின்றுவிடுவதுமில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் ஒருவரின் இல்லத் திருமணத்துக்கென வைத்திருந்த பேனர், இரு சக்கர வாகனத்தில் சென்ற இளம் பெண்மீது சரிந்தது. கீழே விழுந்தவர்மீது பின்னால் வந்த லாரி ஏறிற்று. ஒரு வீட்டின் மகிழ்ச்சி மற்றொரு வீட்டின் ஜனாஸாவாயிற்று.

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ மாநகரம் 2006இல் 'தூய நகரம்' என்னும் சட்டம் இயற்றி, 2007 ஜனவரி முதல் விளம்பரப் பலகைகளை அகற்றியது. வணிகம் நசியும், தொழிலாளர் பிழைப்புப் போகும் என்று எதிர்ப்பு எழுந்தது. பிழைப்பைப் பற்றிய கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் அச்சட்டம் கடைக்காரரின் பெயர்ப்பலகையைப் பறிக்கவில்லை. 10 மீட்டருக்குக் குறைந்த முகப்புக்கு 1.5 சதுர மீட்டர் என அளவு வகுத்தது. பின்னாளில் பேருந்து நிறுத்தங்களில் வரையறைக்குட்பட்ட விளம்பரத்தையும் அந்நகரம் அனுமதித்தது. பலகைகள் இறங்கியபின், அவற்றின் பின்னே மறைந்திருந்த ஏழையரின் குடிசைகள் கண்ணிற்பட்டன. பலகை கண்ணை இழுத்தது மட்டுமன்று. காண வேண்டியதை மறைத்தும் நின்றது.

எனவே தன் வாசலில் தன் பெயரைச் சொல்வது வேறு, பொதுப்பாதையை விலைக்கு விற்பது வேறு. முன்னதை அளவோடு அனுமதிக்கலாம். பின்னதைத் தடை செய்வதே நீதி என்பது நம் முடிவு.

ஆனால் இம்முடிவை ஊராருக்கு மட்டும் உரைத்து நாம் ஒதுங்குதல் தகுமா? ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ, பொதுவழியில் கட்டடம் எழுப்பினால், வழி அகலமாயிருப்பினும், அது பள்ளிவாசலேயாயினும் இடிக்கச் செய்ய வேண்டுமெனத் தம் 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் எழுதியுள்ளார்; பாதை நடப்பதற்கே உரியது என்பது அவர் கூறும் காரணம். பள்ளிவாசலுக்கே இல்லாத சலுகை, மீலாது விழாப் பேனருக்கும் நம் இல்லத்து நிக்காஹ் வளைவுக்கும் எங்ஙனம் வந்தது? நிக்காஹை அறிவித்தல் ஸுன்னத்துதான். அதற்கு நடைபாதையில் குழி தோண்ட வேண்டியதில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை எனப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். முள்ளும் கல்லும் மட்டுமே தொல்லையென்று அவர்கள் எண்ணிவிடலாகாது. சட்டம் வரும்போது வரட்டும்; நாம் நட்ட கம்பத்தை நாமே முதலில் பிடுங்குவோம்.