ஒரே கொடி, ஒரே ஆண்டு

1943இல் தோன்றிய இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சி, 1963-64இல் மொஸ்கோ சார்பு, பீக்கிங் சார்பு எனப் பிளவுண்டது. அரிவாள் சுத்தியல் பொறித்த செங்கொடியை இரு பிரிவுகளுமே கைவிடவில்லை. ஆனால் 1966 என்ன சொல்கிறது?

ஜனவரி 8இல், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான கொழும்புப் போராட்டத்தில் மொஸ்கோப் பிரிவு நின்றது. ஒக்டோபர் 21இல், தீண்டாமைக்கெதிராகப் பீக்கிங் பிரிவு சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலம் பொலிஸ் தாக்குதலுக்குள்ளானது.

நமது தேசியவாதிகள் முதலாவதை மட்டுமே நினைவூட்டுகின்றனர். இடதுசாரிகளோ இரண்டாவதை மட்டும். முன்னாள் விரிவுரையாளனாக, இன்று பிளாட் புஷ்ஷில் வாழும் தொழிற்சாலைத் தொழிலாளியாக, நான் இரு தரப்பையும் ஏற்கவில்லை. கொடியை வைத்து எவரையும் விடுதலை செய்யவோ தண்டிக்கவோ முடியாது. அதன்கீழ் யார், யாருக்காக, யாருக்கெதிராக நடந்தனர் என்பதே வரலாறு. எல்லாக் கொடிகளுக்கும் இதுவே அளவுகோல்.